சுங்கை சிப்புட்ல மச்சாங் தேடி

வெள்ளிக்கிழமை ராத்திரி

கிள்ளான் பாசார்ல மச்சாங், அதான் மாங்கா ஜாதியில ஒரு காட்டுப் பழம், அதப் பாத்து ரொம்ப வருஷம் ஆச்சு. அதே ஜாதி குயினிப் பழம் வருது, சீசன்னா ரெண்டு மூணு கடையில கூடையில அடுக்கி வச்சிருப்பாங்க, வாசனையே நம்மள கூப்புட்டுரும். மச்சாங் இருக்கான்னு கேட்டா மட்டும் கடையில நிக்கிற பையன் "அதெல்லாம் இப்ப யாருக்கா சாப்புடுறா, வாய் அரிக்கும்லா"ங்கிறான். அரிக்கும்தான், யாரு இல்லன்னு சொன்னா, வெட்டத் தெரியாம வெட்டுனா அரிக்கத்தான் செய்யும், கருணக்கெழங்கு அரிக்கலயா, அத சமைக்காமயா விட்டுட்டோம்?

ஞாயித்துக்கெழம பெரியப்பாவோட பேத்திக்கு காதுகுத்து, பேராக் மாநிலத்துல இருக்குற சுங்கை சிப்புட்ல. வீட்டுக்காரருக்கு லீவு இல்ல, பசங்களுக்கு ஸ்கூல், நான் மட்டும் கெளம்பிட்டேன். போறதுதான் போறோம், செவ்வாய் வரைக்கும் தங்கி மச்சாங் மரம் எங்கெங்க மிச்சம் இருக்குன்னு பாத்துட்டே வந்துருவோம்னு ஒரு ஆச. தெனமும் ராத்திரி படுக்குறதுக்கு முன்னாடி எழுதிப் போடுறேன், கோர்வையா இருக்காது, பொறுத்துக்கோங்க.

கேஎல் சென்ட்ரல்ல ஈடிஎஸ், மின்சார ரயில். ஈப்போ தாண்டுனா சுங்கை சிப்புட், அதுக்கு அடுத்து கோலகங்சார். எல்லா ரயிலும் இங்க நிக்காது, டிக்கெட் எடுக்கும்போதே பாத்து எடுக்கணும். ஜன்னல் பக்கம் சீட்டு கெடச்சுது, ஆனா வெளிய பாக்க செம்பனைதான், அதான் எண்ணெய்ப் பனை, அது முடிஞ்சா திரும்ப செம்பனை. ஈப்போ கிட்ட சுண்ணாம்புக்கல் மலைங்க வரும்போதுதான் கண்ணுக்கு ஒரு மாத்தம்.

ஸ்டேஷனுக்கு அண்ணன் வந்திருந்தாரு, பெரியப்பா மகன், செம்பனை லோரி ஓட்டுறவரு. நேரா ஒட்டுக்கடைக்கு கூட்டிட்டுப் போய் ரொட்டி சானாயும் தே தாரிக்கும் வாங்கிக் குடுத்துட்டுத்தான் வீட்டுக்கு. பெரியப்பா வாசல்ல சாரத்தோட உக்காந்திருந்தாரு. அவரு தோட்டத்துல தண்டலா, அதாவது வேலையாளுங்களுக்கு மேஸ்திரியா இருந்து ரிட்டயர் ஆனவரு, லயத்த, தோட்டத்து வரிச வீட்ட, காலி பண்ண சொன்னப்போ டவுன்ல தாமான் (குடியிருப்புப் பேட்டை) வீடு வாங்கி வந்துட்டாங்க.

"மச்சாங் மரம் பாக்கவா ரயிலேறி வந்த? கிள்ளான்ல வேற வேல இல்லயா ஒனக்கு?"

சிரிச்சுக்கிட்டேதான் கேட்டாரு, ஆனா பத்து நிமிஷம் கழிச்சு அவராவே ஆரம்பிச்சாரு, ரெண்டாவது டிவிஷன் லயத்துக்கு பின்னால ஒன்னு இருந்துச்சு, ஆத்தோரம் ஒன்னு, முனியாண்டி கோயில்ல ஒன்னுன்னு வெரல் விட்டு எண்ணிக்கிட்டே போனாரு. அதுல எது இப்ப நிக்குதுன்னு கேட்டா "கோயில் மரம் நிக்கும், அத யாரு தொடுவா"ன்னாரு.

தெரியாதவங்களுக்காக கொஞ்சம் சொல்லிட்டுப் படுக்குறேன். மச்சாங் நம்ம மாமரத்துக்குப் பங்காளி. மலாய்ல பாச்சாங், எம்பாச்சாங்னும் சொல்வாங்க. நாம சாப்புடுற மாம்பழம் மாங்கிஃபெரா இண்டிகா, இது மாங்கிஃபெரா ஃபோடிடா. 1790-லயே லூரெய்ரோன்னு ஒரு போர்ச்சுகீசிய பாதிரியார் இதப் பத்தி எழுதி வச்சிருக்காரு, அவரு வியட்நாம் பக்கம் ரொம்ப காலம் இருந்தவரு. 1993-ல கோஸ்டர்மான்ஸ், பொம்பார்ட்னு ரெண்டு பேரு மா வகையறா மொத்தத்தையும் கணக்கெடுத்து 69 இனம்னு பட்டியல் போட்டாங்க. அதுல பெரும்பங்கு மலாயா, சுமத்ரா, போர்னியோ காட்டுலதான் இருக்கு. மாம்பழம்னா இந்தியான்னு நாம பேசிக்கிட்டு இருக்கோம், அதோட சொந்தபந்தம் பூரா இங்க நம்ம வீட்டுக்குப் பின்னாடி நின்னுருக்கு.

சனிக்கிழமை

காலையில பெரியம்மாவோட பாசாருக்கு. மீன் கடை தாண்டி ஓரத்துல ஒரு மலாய் மக்சிக் (வயசான அம்மா) சாக்கு விரிச்சு உக்காந்திருந்தாங்க, பெத்தாய்ங்கிற அவரைக்காய் மாதிரி காய், புங்கா கந்தான்ங்கிற வாசனைப் பூ, அதுக்குப் பக்கத்துல மச்சாங் ஒரு குமியல்! நான் பாத்த சந்தோஷத்துல வெலையே கேக்கல, பெரியம்மா என் கையில ஒரு தட்டு தட்டிட்டு பேரம் பேசுனாங்க. அஞ்சு வெள்ளிக்கு (ரிங்கிட்) ஒரு கூறு, கூறுக்கு நாலு காய். பை குடுக்கும்போது மக்சிக் "பால் படாம பாத்துக்க"ன்னு சொன்னாங்க. பெரியம்மா மலாய்ல "நான் பால் மரம் வெட்டுனவ, எனக்கா சொல்ற"ன்னு திருப்பிக் குடுக்க, ரெண்டு பேரும் ஒரே சிரிப்பு.

மச்சாங் பாக்க ஒன்னும் அழகெல்லாம் இல்ல. உருண்டையா, கொஞ்சம் கோணலா, கையில அடங்காத பருமன். மங்குன பச்ச, மேல பழுப்புப் புள்ளி. பழுத்தாலும் மஞ்சளோ செவப்போ ஆகாது, அந்தப் பச்ச லேசா வெளுக்கும், அவ்ளோதான், கலரப் பாத்து பழமா காயான்னு சொல்ல முடியாது. மூக்குதான் சொல்லணும். டர்பன்டைன் வாசம்னு எழுதுவாங்க, பெயிண்ட் கடை வாசம்னு எங்க அண்ணி சொல்லுது, ஆனா அதுக்குள்ளயே ஒரு இனிப்பும் இருக்கு, அது தெரியிறவங்களுக்குத்தான் தெரியும்.

இனி வெட்டுற கத. இத நான் பக்கத்துல உக்காந்து பாத்தேன், வீடியோ எடுக்க பெரியம்மா விடல.

மொதல்ல ரெண்டு கைக்கும் மணிக்கட்டு வரைக்கும் தேங்கா எண்ண. அப்புறம் காம்புப் பக்கம் ஒரு வெரல் தடிமனுக்கு ஒரே வெட்டு. வெட்டுன எடத்துல இருந்து பால் பொட்டு பொட்டா கெளம்பி விளிம்புல கோத்துக்கிட்டு நிக்குது, மொதல்ல தெளிவா, கொஞ்ச நேரத்துல பழுப்பா. காயத் தலகீழா ரெண்டு செங்கல்லுக்கு நடுவுல நிறுத்தி வச்சு அப்படியே விட்டுட்டாங்க. தே ஓ (பால் இல்லாத டீ) போட்டுக் குடிச்சு முடிச்சு வந்து பாத்தா அடியில செமெண்டு தரையில கறுப்பா ஒரு வட்டம். அது தேச்சாலும் போகாதாம். பெறகுதான் தோலு. சீவக்கூடாது, வெட்டி எறியணும், அர வெரல் கனத்துக்கு சதையோட சேத்து, ஏன்னா அரிப்பு பூரா தோலுக்கு அடியிலதான் இருக்கு. உள்ள பாத்தா நல்ல ஆரஞ்சு கலந்த மஞ்சள், நாரு நாரா. துண்டு போட்டு உப்புத் தண்ணியில ஊற வச்சு, அலசி, திரும்பவும் உப்புத் தண்ணி. பிஞ்சா இருந்தா உப்பு பத்தாது, வெத்தல சுண்ணாம்பு கரச்ச தண்ணியில போடணும்னாங்க.

இந்தப் பால் ஏன் இப்படின்னா, மா, முந்திரி, ஜப்பான்ல அரக்கு எடுக்குற மரம், அமெரிக்காவுல தொட்டாலே கொப்புளம் போடுற ஒரு கொடி, எல்லாம் ஒரே குடும்பம். உருஷியால் வகையறா சமாச்சாரம் அதுங்க பால்ல இருக்கு. மாங்கா பால் பட்டு ஒதடு புண்ணாகுறதும் இதே குடும்பக் கோளாறுதான், மச்சாங்ல அது கூடுதல். பழுத்து தானா விழுந்த பழத்துல வீரியம் கொறஞ்சிரும்.

பெரியம்மா இருவது வருஷத்துக்கு மேல பால் வெட்டுனவங்க. ரப்பர் பால் கையில பட்டா காஞ்சதும் உரிச்சு எறிஞ்சுட்டு சோறு திம்போம், மச்சாங் பால் பட்டா அன்னைக்கு பூரா சொறியணும்னு சொல்லிக்கிட்டே பெலாச்சான, அந்த இறால் கட்டிய, அடுப்பு நெருப்புல காட்டி வாட்டுனாங்க. சில்லி பாடி (ஊசி மொளகா), வாட்டுன பெலாச்சான், உப்பு, ஒரு கரண்டி சீனி, இடி உரல்ல நசுக்கி, மச்சாங்க பொடிப்பொடியா நறுக்கி மேல கொட்டி கையாலயே பெசஞ்சாங்க. பொரிச்ச கெம்போங் மீனு, வெள்ள சோறு. நான் எத்தன தட்டுன்னு கேக்காதீங்க.

சாப்புட்டு முடிச்சு பேசிக்கிட்டிருந்தப்பதான் பெரியம்மா ஒரு விஷயம் சொன்னாங்க. அவங்க அம்மா ஊர்ல இருந்து, சேலம் பக்கம், கப்பல்ல வந்தவங்க. வந்து லயத்துல குடியேறுனதும் எங்கயோ கெடச்ச நல்ல மாங்கொட்டையப் பொதச்சு வச்சாங்களாம். மரம் ஜோரா வளந்துச்சு, எலை எலையா, ஆனா பூ பூத்தா மழை, பூத்தா மழை, பூ கறுத்து கொட்டிரும், வருஷத்துக்கு நாலு காய் நின்னா பெருசு. பாட்டி அந்த மரத்தப் பாத்து திட்டுவாங்களாம்.

மரத்து மேல குத்தம் இல்ல. மாமரத்துக்கு பூக்க ஒரு வறட்சி வேணும், பூத்ததுக்கு அப்புறம் மழை பேஞ்சா பூவுல பூஞ்ச நோய் வந்து கருகிரும். அதனாலதான் நம்ம நாட்டுல பேர் போன ஹாருமானிஸ் மாம்பழம் பெர்லிஸ்ல வெளையுது, அங்க வருஷத் தொடக்கத்துல நல்லா காயும். பேராக்ல இந்தப் பக்கம் மாசம் தவறாம மழை. மச்சாங் இந்த மழையிலயே பொறந்தது, இந்த ஈரத்துலயே கொத்துக் கொத்தா செவப்பா பூத்து காய்ச்சுரும். அதனால தோட்டத்துல நம்மாளுங்க ஊறுகா போட்டது, மீன் கொழம்புல போட்டது, கர்ப்பமா இருந்தவங்க ஆசப்பட்டுத் தின்னது பூரா மச்சாங்தான். "ஊர்ல மாங்கா ஊறுகா, இங்க மச்சாங் ஊறுகா. நல்லெண்ணெய்க்கு எங்க போறது, உப்பும் மொளகாயும் போட்டு வெயில்ல வச்சு எடுப்போம், வெயில் எங்க அடிக்கும், அடுப்பு மேல பரண்ல வச்சுருவோம்." பரண்ல ஊறுகா காயவச்ச கதைய நான் இதுவரைக்கும் கேட்டதே இல்ல.

ஞாயிறு

காதுகுத்து நல்லபடியா முடிஞ்சுது. புள்ள அழுதுச்சு, மாமா மடியில அழுதா நல்லதாம், சாப்பாடு வாழ எலையில, அண்ணி செஞ்ச பாயாசத்துக்கு அடிதடி. கால் வலி, சுருக்கமா முடிச்சுக்குறேன்.

பந்திக்கு அப்புறம் பெருசுங்க கூடுன எடத்துல பேச்ச நான்தான் பழத்துப் பக்கம் இழுத்தேன். கோலகங்சார் மாமா ஒருத்தரு பிஞ்சாய் பத்தி ஆரம்பிச்சுட்டாரு, அதுவும் இதே வகையறா, சதை வெள்ளையா இருக்கும், பேராக் ஆத்தோரமா பெரிய பெரிய மரம். மச்சாங்க விட பிஞ்சாய்தான் ஒசத்தின்னு அவரு அடிச்சுப் பேச, பெரியப்பா ஒத்துக்கவே இல்ல. சபாவுல வாத்தியாரா இருந்த தம்பி ஒருத்தன் "அங்க பம்பாங்கான்னு ஒன்னு இருக்கு, தேங்கா சைஸ், கடசான் ஆளுங்க அத ஊறுகா போட்டு உள்ள இருக்குற பருப்பையும் துருவி சேத்துருவாங்க"ன்னு சொன்னான். பருப்பத் துருவிப் போடுறது நம்ம ஆளுங்க யோசிக்காத டெக்னிக், பெரியம்மா காதுல போட்டாச்சு.

குயினி பத்தியும் ஒரு சண்ட. குயினி தனி ஜாதியா, மச்சாங்கோட ஜாதியா? இதுக்கு பதில் இருக்கு, ரெண்டும் இல்ல. 2002-ல டிஎன்ஏ வச்சுப் பாத்து சொல்லிட்டாங்க, குயினி மாமரத்துக்கும் மச்சாங்குக்கும் பொறந்த கலப்பு. குயினி காட்டுல தானா நிக்காது, மனுசன் இருக்குற எடத்துலதான் இருக்கும், ஏன்னா மனுசன் மாமரத்தக் கொண்டாந்து மச்சாங்குக்குப் பக்கத்துல வச்சதாலதான் அதுவே வந்துச்சு. இத சொன்னதும் பெரியப்பா "அப்ப எங்க மாமியா நட்ட மாமரம் சும்மா நிக்கல, எங்கயோ மாப்புள பாத்துருக்கு"ன்னு போட்டாரு ஒரு போடு. பெரியம்மா மொறச்சாங்க. கல்யாணமாகி இத்தன வருஷம் ஆகியும் மாமியார வம்புக்கு இழுக்காம இவரால இருக்க முடியல.

திங்கள்

காலையில அண்ணன் லோரிக்கு லீவு போட்டாரு, காடி (காரு) எடுத்துக்கிட்டு லிந்தாங் வழியா லாசா பக்கம் போனோம், பெரியப்பா முன் சீட்டு. டவுன விட்டு ஒரு பத்து நிமிஷம், அதுக்கப்புறம் ரெண்டு பக்கமும் செம்பனை, ஒரே வயசு, ஒரே ஒயரம், ஒரே இடைவெளி. நடுவுல தனியா ஒரு பெரிய மரம் நின்னா போதும், பெரியப்பா கை நீட்டிருவாரு. பாதி நேரம் அது டுரியான்.

ரோட்டோரமா ஓராங் அஸ்லிங்க, இந்த மண்ணோட பூர்வகுடிங்க, கொட்டா போட்டு வித்துக்கிட்டிருந்தாங்க, தெமியார் ஆளுங்க. டுரியான், பெத்தாய் கட்டு, மூங்கில், ஒரு கோணிப்பையில மச்சாங். விக்கிறவரு அண்ணனுக்கு பழக்கம், பேரு எதுக்கு, அவர பாங்னு கூப்புட்டோம். மரத்தப் பாக்கலாமான்னு கேட்டதுக்கு ஒடனே சரின்னுட்டாரு, பொண்டாட்டிய கடையில உக்கார வச்சுட்டு பராங் கத்திய எடுத்துக்கிட்டு முன்னால நடந்தாரு.

மரம் அவரு தாத்தா வழி. அவங்க ஆளுங்ககிட்ட நெலத்துக்கு வேலி கெடயாது, ஆனா பழ மரத்துக்கு சொந்தக்காரன் உண்டு, அப்பன் நட்டது புள்ளைங்களுக்கு, குடியிருந்த எடத்த விட்டு ஊரே நகந்து போனாலும் சீசன் வந்தா மரத்துக்குத் திரும்பி வருவாங்க. காட்டுக்குள்ள டுரியான், மச்சாங், பெத்தாய் ஒரே எடத்துல கூட்டமா நின்னா அங்க ஒரு காலத்துல வீடு இருந்துச்சுன்னு அர்த்தம். பெரியப்பா ஒடனே "எங்க லயத்துக்கும் அதே கணக்குதான்"ன்னாரு.

அவரு சொன்னது இது. சுங்கை சிப்புட்னாலே எல்லாரும் 1948 ஜூன் 16 பத்திதான் எழுதுவாங்க, எல்ஃபில் தோட்டத்துலயும் பக்கத்து தோட்டத்துலயும் மூணு வெள்ளக்கார தொரைங்கள சுட்டது, அதுல இருந்து கம்யூனிஸ்ட்டுங்களுக்கு எதிரான அவசர காலம் ஆரம்பிச்சு 1960 வரைக்கும் போனது. அந்த நேரத்துல காட்டோரம் அங்கங்க செதறிக் கெடந்த லயங்கள காலி பண்ணி, ஜனங்கள ஒரே எடத்துல சேத்து முள்ளுக்கம்பி போட்டு வச்சாங்க. ஆளுங்க போயிட்டாங்க, லயம் இடிஞ்சு போச்சு, வாசல்ல நின்ன மரம் அங்கயே நின்னுச்சு. பெரியப்பா சின்னப் பையனா இருக்கும்போது பெருசுங்க பழைய லயத்துக்கு மச்சாங் பொறுக்கப் போவாங்களாம், அவங்க வாழ்ந்த வீட்டு அடையாளமே அந்த மரம்தான்.

மரத்துக்கிட்ட வந்துட்டோம். நான் இவ்ளோ பெருச எதிர்பாக்கல. 30 மீட்டர் வரைக்கும் வளரும்னு படிச்சிருக்கேன், படிக்கிறது வேற, அண்ணாந்து பாக்குறது வேற. அடிமரம் நேரா, கெளையே இல்லாம பாதி ஒயரம் வரைக்கும், பட்டையில அங்கங்க பால் வடிஞ்சு தார் ஊத்துன மாதிரி கறுப்பா காஞ்சிருக்கு. கீழ கெடந்த ஒரு எலைய எடுத்தேன், மா எலையோட அதே அமைப்பு, நடு நரம்பு, ரெண்டு பக்கமும் பிரியிற நரம்பு, ஆனா அகலம் என் கையகலத்துக்கு மேல, மடக்குனா மடங்காம படக்குனு ஒடையுது. காஞ்ச எலை காலுக்கடியில சத்தம் போடுது. விழுந்த பழத்துல பாதிய ஏதோ கடிச்சுப் போட்டிருக்கு, கொட்டையச் சுத்தி நாரு மட்டும் நிக்குது. பன்னியான்னு கேட்டேன். பன்னியும் வரும், போன மாசம் யானையும் வந்துச்சுன்னு பாங் ரொம்ப சாதாரணமா சொன்னாரு. நான் ஒடனே பின்னால திரும்பிப் பாத்தேன், அண்ணன் சிரிக்கிறாரு.

ஏறிப் பறிக்க மாட்டாங்களாம். விழுறதத்தான் எடுக்கணும். இவ்ளோ ஒயரத்துல பிஞ்சு பறிக்க ஏறுனா பால் தலையில, கண்ணுல வடியும்.

திரும்பும்போது ஆத்தோரம் இன்னொரு மரத்த பராங்ல காட்டி "அதுகிட்ட போகாதீங்க"ன்னாரு. ரெங்காஸ். இதுவும் மா குடும்பம்தான், ஆனா இது வேற லெவல், மழ நேரத்துல அடியில நின்னாலே ஒடம்பு பூரா வீங்கிரும்னு சொல்றாங்க, மரம் அறுக்குறவங்களே பயப்படுவாங்க. நாலு அடி தள்ளி நின்னு பாத்துட்டு வந்துட்டோம். மத்தியானம் சரியான மழ, வேற எங்கயும் போகல. வீட்ல உக்காந்து பெரியம்மாவோட ரெண்டாவது ரவுண்டு ஊறுகா போட்டேன், இந்தத் தடவ பருப்பத் துருவிப் போட்டோம், ருசி எப்படின்னு ஊறுனாத்தான் தெரியும்.

ஒன்னு மட்டும் சொல்லணும். இந்த ரெண்டு மூணு நாள்ல நான் பாத்த, கேள்விப்பட்ட மச்சாங் மரம் ஒன்னுகூட தோட்டத்து பிளான்ல இல்ல. ஆத்தோரம், காட்டோரம், இடிஞ்ச லயம், கோயில் பின்பக்கம். செம்பனை 25 வருஷத்துக்கு ஒரு தடவ சாச்சுட்டு மறுபடி நடுவாங்க, அந்த வரிசைக்குள்ள எது நின்னாலும் அதோட காலி. கம்பெனிக்காரன குத்தம் சொல்லல, அவன் வியாபாரம் அது. மச்சாங்க யாரும் வியாபாரத்துக்கு நட மாட்டாங்க, மெதுவா வளரும், ஏற முடியாது, பழம் கலர் காட்டாது, பெட்டியில அடுக்குனா நாறும். அதனால கணக்குப் பிள்ளைங்க கண்ணுல படாத எடத்துல மட்டும் அது பொழச்சிருக்கு. கலிமந்தான்ல கஸ்தூரின்னு ஒரு மா வகை, வாசனைக்கு பேர் போனது, அது காட்டுல அத்துப் போச்சு, இப்ப மனுசங்க வீட்டுத் தோட்டத்துல மட்டும்தான் இருக்கு. மச்சாங் அந்த நெலமைக்கு இன்னும் வரல.

செவ்வாய்

இன்னைக்கு கோயில் மரம். ரயில் சாயங்காலம், காலையிலயே பெரியப்பா மோட்டார்ல பின்னால உக்காந்து போயாச்சு. போற வழியில மகாத்மா காந்தி கலாசாலைய காட்டுனாரு, மந்திரியா இருந்த துன் சம்பந்தன் கட்டுன பள்ளிக்கூடம், 1954-ல தொறந்தது, பெரியப்பாவோட தங்கச்சிங்க படிச்ச எடம். சம்பந்தன் இந்த ஊர்க்காரரு, தோட்டங்கள துண்டு போட்டு வித்த காலத்துல தொழிலாளிங்க காச சேத்து தோட்டத்தையே வாங்கலாம்னு 1960-ல கூட்டுறவு சங்கம் ஆரம்பிச்சவரு. பெரியப்பா அவர பத்தி ஆரம்பிச்சா நிறுத்த மாட்டாரு, மோட்டார் ஓட்டிக்கிட்டே திரும்பித் திரும்பிப் பேசுறாரு, எனக்கு பயம்.

கோயில் சின்னதுதான். செம்பனைக்கு நடுவுல கால் ஏக்கர் இருக்கும், தகரக் கூரை, முனியாண்டி, சூலம், சுருட்டு வச்ச தட்டு. பின்னால மச்சாங், இடுப்புல மஞ்சத் துணி. லாசாவுல பாத்ததவிட கட்ட, ஆனா படர்ந்து கெடக்கு, வெயில் நாலு பக்கமும் படுறதால. நாங்க நிக்கும்போதே பொத்துனு ஒன்னு விழுந்துச்சு, தகரத்து மேல பட்டு உருண்டு வந்து பூசாரி ஐயா காலடியில நிக்குது. அவரு எடுத்து சாமிகிட்ட வச்சுட்டு என்கிட்ட குடுத்தாரு.

ரப்பர் சாச்சு செம்பனை போட்ட காலத்துல நடந்தத அவருதான் சொன்னாரு. புல்டோசர் இதுவரைக்கும் வந்துச்சாம், ஓட்டுனது ஒரு சீன ஆளு, சூலத்தப் பாத்துட்டு எறங்கி ஊதுபத்தி கொளுத்திட்டு வண்டிய அந்தப் பக்கம் திருப்பிட்டாரு. கிராணி, தோட்டத்து ஆபீஸ்காரரு, வந்து கத்தியும் கேக்கல. செம்பனைய மறுநடவு செஞ்சப்பவும் வேற ஆளு, அதே கத.

ஆனா இந்தத் தடவ அப்படி இல்ல. நெலம் கைமாறிருச்சு, வீடமைப்பு வருதாம். கோயில இடிக்கப் போறதில்ல, மெயின் ரோட்டுப் பக்கம் வேற எடம் குடுக்குறாங்க, செமெண்டுல கட்டியும் குடுக்குறதா பேச்சு, கமிட்டி ஒத்துக்கிட்டாங்க. நியாயமான ஏற்பாடுதான்னு பெரியப்பாவே சொல்றாரு, பட்டா இல்லாத கோயிலுக்கு இதவிட என்ன கெடைக்கும். சாமிய எழுப்பிக் கொண்டு போயிரலாம், சூலத்தப் புடுங்கி நட்டுரலாம். மரத்த என்ன பண்றது? கமிட்டியில யாரும் அத ஒரு கேள்வியா எடுத்த மாதிரியே தெரியல. பூசாரி ஐயா மட்டும் "புது எடத்துல வேப்ப மரம் வைக்கிறாங்களாம், சீக்கிரம் வளருமாம்"னு சொல்லிட்டு பேசாம இருந்தாரு.

பெரியப்பாவுக்கு அதுல கோவம் வந்துருச்சு. 1877-ல கோலகங்சார்ல நட்ட ஒம்போது ரப்பர் கன்னுல ஒன்னு இன்னும் நிக்குது, பிரேசில் மரம், லண்டன்ல முளைக்கப் போட்டு கப்பல்ல வந்தது, அதுக்கு வேலி போட்டு போர்டு வச்சு படம் புடிக்கிறாங்க, இங்கயே பொறந்ததுக்கு ஒரு போர்டு வைக்க ஆள் இல்லன்னு பொரிஞ்சு தள்ளிட்டாரு. ஆயுசு பூரா ரப்பர்ல சோறு தின்ன மனுசன் ரப்பர திட்டுறத இன்னைக்குத்தான் பாத்தேன்.

கொட்டை எடுத்து வைக்கலாம், ஏற்கெனவே எங்க ரெண்டு பேரு பையிலயும் இருக்கு. ஆனா மா வகையறா கொட்டைய நெல்லு, உளுந்து கணக்கா காயவச்சு டப்பாவுல மூடி வைக்க முடியாது, காஞ்சா செத்துரும், ஈரத்தோட ஒடனே பொதைக்கணும். பொதைச்சு மொளச்சு காய் பாக்க ஆறேழு வருஷமாவது ஆகும்ங்கிறாரு பூசாரி ஐயா. பெரியப்பாவுக்கு வயசு எழுவத்தாறு. அதனால அவரு ஒட்டு கட்டணும்னு நிக்கிறாரு, காய்ச்ச மரத்துக் கொப்பு எடுத்து கட்டுனா சீக்கிரம் காய்க்கும்னு கணக்கு. எந்தக் கன்னுல கட்டுறதுன்னுதான் கொழப்பம். நர்சரியில கெடைக்கிற சாதா மாங்கன்னுல நிக்குமா, இல்ல குயினி கன்னா பாத்து வாங்கணுமா, குயினி பாதி மச்சாங்தானே, சேர்ந்துக்கும்னு எனக்குத் தோணுது, ஆனா செஞ்சு பாத்தவங்க சொன்னாத்தான் நம்பிக்கை வரும். பேராக், கெடா பக்கம் யாராச்சும் வீட்ல மச்சாங் ஒட்டு கட்டிப் பாத்திருந்தா சொல்லுங்க. சாமி எழுப்ப ஆவணியில நாள் குறிச்சிருக்காங்க, கொப்பு அதுக்கு முன்னாடி எடுக்கணும், ஏற ஆள் கெடச்சாச்சு, அண்ணன்தான்.